பீஸ் கட்டை

2023ஆம் வருடத்துச் சித்திரையில் மாமாவின் திதிக்காக மங்கலம்பேட்டைக்குப் போயிருந்தேன். மாமா என்று நான் சொல்வது அக்காளின் கணவரை. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் அழைப்பது. படையல் முடிந்து, சாப்பிட்டு, இலைகளை எடுத்துப் போட்டபின் அக்கா எச்சில் பாத்திரங்களை அள்ளிக்கொண்டு பின்கட்டுக்கு நடந்தாள். வாசற்படியில் கிடந்த ரப்பர் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டாள். எங்கள் அம்மா வளர்த்த பெண். செருப்புக் காலோடு சமையற்கட்டுப் பக்கம் போகிறவர்களை அறுபத்தெட்டு வயதிலும் அதட்டுகிறவள். என்ன அக்கா இது என்று கேட்டேன்.

"அந்த மெசின் கிள்ளுதுடா தம்பி. செருப்புப் போட்டுக்கிட்டா கிள்ளாது."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் வயிற்றில் ஏதோ புரண்டது. முப்பத்தோரு வருடம் ஒரு தொழிற்சாலையில் மின்கருவிப் பிரிவில் வேலை பார்த்தவனின் அக்கா, வீட்டில் இருக்கும் ஓர் இயந்திரம் மின்சாரம் பாய்ச்சுகிறது என்பதை, வேலிக்கருவை முள் குத்துகிறது என்பதைப் போலச் சொல்கிறாள். விடுமுறைக்கு வந்திருந்த ஆறு வயதுப் பேத்தியிடம், அதைத் தொட்டால் பூச்சி கடிக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறாள். அந்தக் குழந்தை தொடவில்லை. ஆனால் பூச்சியைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அதற்கு இருந்தது.

அந்த மெசின், பாத்திரம் கழுவும் இயந்திரம். மங்கலம்பேட்டையில் அப்படி ஒன்று இருக்கிறதென்றால் நம்பச் சிரமப்படுவீர்கள். விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் சாலையில் இருக்கும் சிற்றூர் அது. சுற்றிலும் முந்திரித் தோப்புகள். அக்காவின் மகன் பெங்களூரில் இருக்கிறான். 2009இல் வாங்கிய இயந்திரம் அது. 2020இன் ஊரடங்கில் வேலைக்கு ஆள் வராமல் போய், நகரத்தார் பலரும் பாத்திரம் கழுவும் இயந்திரம் வாங்க முண்டியடித்தபோது, அவனும் பழையதைத் தள்ளிவிட்டுப் பெரிதாக ஒன்று வாங்கினான். பழையதை எடைக்குப் போட மனமில்லாமல் மறு வருடம் ஒரு சின்ன லாரியில் ஏற்றி அம்மாவுக்கு அனுப்பிவிட்டான். அது ஒரு வருடத்துக்கு மேல் பின் தாழ்வாரத்தில், உரச்சாக்கு போர்த்தியபடி, தென்னை மட்டைகளுக்குப் பக்கத்தில் கிடந்தது. தெருப்பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். புளிக்குழம்புச் சட்டியை இது தேய்க்குமா என்பதுதான் எல்லோருக்கும் சந்தேகம். (தேய்க்காது. அடிப்பிடித்த சட்டியை ஊறவைத்துச் சுரண்டித்தான் உள்ளே வைக்க வேண்டும். ஊறவைத்துச் சுரண்டிய பிறகு மிச்சமென்ன வேலை என்பது நியாயமான கேள்வி.)

அக்காவின் மணிக்கட்டுகள் வீங்கத் தொடங்கியதும்தான் இயந்திரம் உள்ளே வந்தது. முடக்குவாதம் என்றார்கள். காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க அரைமணி நேரம் ஆகும். தண்ணீரில் கை வைத்தால் வலி. துணைக்கு வந்துகொண்டிருந்த பெண் முந்திரி உடைக்கும் வேலைக்குப் போய்விட்டாள். அங்கே கூலி அதிகம், குறை சொல்ல முடியாது. ஆகவே அந்த இயந்திரம் வெறும் ஆடம்பரமல்ல. அக்காவால் தன் வீட்டில் தனியாக இருக்க முடியுமா, அல்லது பெங்களூர் அடுக்ககத்தின் பன்னிரண்டாவது மாடிக்குப் போக வேண்டுமா என்ற கேள்வி அதில் தொங்கிக்கொண்டிருந்தது. அதனால்தான் அது கிள்ளுவதைப் பற்றி அவள் மகனிடம் வாயே திறக்கவில்லை.

இந்த இயந்திரத்தின் பூர்வகதை எனக்குப் பிடித்தமானது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து ஷெல்பிவில் என்ற ஊரில் ஜோசஃபின் காக்ரேன் என்றொரு சீமாட்டி இருந்தார். விருந்து முடிந்து வேலைக்காரர்கள் கழுவும்போது அவருடைய விலையுயர்ந்த பீங்கான் தட்டுகளின் விளிம்புகள் உடைந்துகொண்டே இருந்தன. சலித்துப்போய்த் தானே ஓர் இயந்திரத்தை வடிவமைத்தார். பாத்திரங்களைக் கம்பிக் கூடைகளில் அசையாமல் நிறுத்தி, சோப்பு நீரை வேகமாகப் பீய்ச்சுவதுதான் உத்தி. 1886 டிசம்பரில் காப்புரிமை கிடைத்தது. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அதை வைத்தார். காப்புரிமை கிடைக்கும் முன்பே கணவர் கடனை விட்டுவிட்டு இறந்துபோயிருந்தார். சீமாட்டி தொழிலதிபரானது அதற்குப் பிறகு. ஆக, பீங்கானைக் காப்பாற்றுவதற்காகப் பிறந்த இயந்திரம் இது. நூற்றுச் சொச்சம் வருடம் கழித்து, பீங்கான் ஆலையில் வாழ்நாளைக் கழித்த ஒரு மனிதரின் வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இதைச் சொன்னபோது அக்கா, "பீங்கான் உடையுதேன்னு மெசின் செஞ்சாளா? வேலக்காரிக்குக் கூலி சேத்துக் குடுத்திருந்தா ஒடைக்காம கழுவியிருப்பா" என்றாள்.

நடந்தது இதுதான். மகன் வந்து பொருத்தியபோது, சமையற்கட்டுக்கு மட்டும் புதிதாக வயர் இழுத்து, கசிவைக் கண்டு துண்டிக்கும் சுவிட்சு ஒன்றையும் வைத்துவிட்டுப் போயிருந்தான். ஊரில் அதை ட்ரிப்பர் என்கிறார்கள். சில மாதங்கள் ஒழுங்காக ஓடிய இயந்திரம், பிறகு ஒரு நாள் ஓட ஆரம்பித்து ஏழெட்டு நிமிடத்தில் ட்ரிப்பரைத் தட்டிவிட்டது. சமையற்கட்டு விளக்கும் குளிர்சாதனப் பெட்டியும் சேர்ந்து அணைந்தன. மீண்டும் போட்டால் மீண்டும் தட்டும். உள்ளூர் எலக்ட்ரீஷியனை அழைத்திருக்கிறாள். அவர் பார்த்துவிட்டு, ட்ரிப்பர் சரியில்லை என்று முடிவு கட்டி, இயந்திரத்தின் பிளக்கைப் பின்கட்டுச் சுவரிலிருந்த பழைய பாயிண்டில் செருகிவிட்டார். அதன்பின் ஒரு தொந்தரவும் இல்லை. இயந்திரம் அழகாக ஓடியது. கிள்ளத் தொடங்கியது.

அந்தப் பழைய பாயிண்டின் மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே கிடையாது. நம் ஊர்ப் பழைய வீடுகளில் பாதிக்கு மேல் இந்த லட்சணம்தான். மேலே இருக்கும் பெரிய ஓட்டை அழகுக்கு. எலக்ட்ரீஷியனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு பொருள் ஓடாவிட்டால் ஓட வைப்பதற்காகத்தான் அவருக்குக் காசு கொடுக்கிறோம். ஓடாமல் நின்றதுதான் சரி என்று சொல்கிறவருக்கு யார் காசு கொடுப்பார்கள்?

ட்ரிப்பர் செய்யும் வேலை ஒரு கணக்குப்பிள்ளையின் வேலை. ஒரு கம்பியில் போகிற மின்னோட்டமும் இன்னொரு கம்பியில் திரும்புகிற மின்னோட்டமும் சமமாக இருக்கிறதா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். போனதற்கும் வந்ததற்கும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால், எங்கேயோ வழியில் ஒழுகுகிறது என்று கதவைச் சாத்திவிடும். ஒழுகுவது பூமிக்குள்ளாக இருக்கலாம், ஒரு மனித உடம்பு வழியாகவும் இருக்கலாம். பீஸ் அப்படியல்ல. 15 ஆம்பியர் பீஸ் அதைத் தாண்டி நன்றாகவே ஏறினால்தான் உருகும். 30 மில்லி ஆம்பியரைப்போல 500 மடங்கு அது. அதற்குள் ஆள் போய்விடுவான். பீஸ் காப்பது வயரை, ஆளையல்ல. இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்தும், என் சொந்த அக்கா வீட்டுப் பின்கட்டில் நின்றபோதுதான் இந்த வாக்கியத்தின் கனம் எனக்குப் புரிந்தது.

அன்று மாலையே பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பின் தகட்டைக் கழற்றினேன். உள்ளே சுற்றோட்ட மோட்டாரின் முனைகள் மேல் ஒரு பல்லி, அப்பளம்போலக் காய்ந்து கிடந்தது. கண்டுபிடித்துவிட்டேன் என்று கூவாத குறை. பல்லியை எடுத்து, முனைகளைத் துடைத்து, எலி கடித்திருந்த ஒரு வயருக்கு உறை மாட்டி, கரிந்திருந்த கதவு சுவிட்சின் இணைப்பையும் மாற்றினேன். அக்கா, பல்லியைக் கொன்றது பாவம் என்று காஞ்சிபுரத்துத் தங்கப் பல்லியை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இயந்திரத்தை ட்ரிப்பர் இருக்கும் பாயிண்டில் செருகி ஓடவிட்டேன். தண்ணீர் பிடித்தது. சுழன்றது. ஏழாவது நிமிடம், டப்.

பல்லி நிரபராதி. பழுது பார்க்கிறவனுக்கு வரும் மிகப் பெரிய ஆபத்து, முதலில் கண்ணில் படும் குற்றவாளியிடம் விசாரணையை முடித்துக்கொள்வது.

ஏழாவது நிமிடத்தில் என்ன நடக்கிறது என்று நிதானமாக யோசித்திருந்தால் தகட்டைக் கழற்றுமுன்பே தெரிந்திருக்கும். அப்போதுதான் தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர் உயிர்பெறுகிறது. அடித்தட்டுக்குக் கீழே வளையமாக ஓடும் உலோகக் குழாய் அது, 1800 வாட். குழாயின் நடுவே சுருள் கம்பி. கம்பிக்கும் குழாய்க்கும் இடையே மக்னீசியம் ஆக்சைடு என்ற வெள்ளைத் தூளை இறுக்கி அடைத்திருப்பார்கள். வெப்பத்தை விடும், மின்சாரத்தை விடாது. பீங்கானுக்குப் பங்காளி முறை. அதன் ஒரே பலவீனம், ஈரத்தைக் கண்டால் உறிஞ்சிக்கொள்வது. நெடுநாள் சும்மா கிடந்த ஹீட்டரில் முனைகளின் அடைப்பு வழியாகவோ, குழாயில் விழுந்த நுண்ணிய வெடிப்பு வழியாகவோ ஈரம் ஏறிவிடும். பிறகு அந்தத் தூள் காவல்காரன் வேலையை விட்டுவிட்டுத் தரகு வேலை பார்க்கத் தொடங்கும்.

கையிலிருந்த மல்டிமீட்டரை வைத்தேன். சுருளின் தடை 29 ஓம். 1800 வாட்டுக்குச் சரியான கணக்கு. சுருளுக்கும் குழாய்க்கும் இடையே வைத்தால் ஒன்றுமே காட்டவில்லை. பரிபூரண ஆரோக்கியம். இதில்தான் பலரும் ஏமாந்துபோவார்கள். மல்டிமீட்டர் சில வோல்ட்டில் சோதிக்கிறது. வீட்டு மின்சாரமோ 230 வோல்ட். சாதுவாகக் கேட்டால் சாதுவாகத்தான் பதில் வரும். 500 வோல்ட்டில் அதட்டிக் கேட்க மெக்கர் என்ற கருவி வேண்டும். அது விருத்தாசலத்தில் மோட்டார் காயில் கட்டும் கடையில் கிடைக்கும் என்று, மறுநாள் காலை பேருந்தில் ஏறினேன்.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு மாமாவின் வியர்வை நெடி வரும். 1974இல் அங்கே ஒரு சிறிய ஆலையில் சேர்ந்தவர், 2004 வரை இருந்தார். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலிருந்து தோண்டியெடுக்கும் மண்ணில் வெண்களிமண்ணும் வரும். அதை நம்பித்தான் அந்தப் பேட்டை உருவானது. களிமண், பெல்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றையும் அரைத்துப் பொடியாக்கி, கையால் பிடித்தால் பிடிபடும் அளவு மட்டும் ஈரமாக்கி, எஃகு அச்சில் கொட்டி, திருகு பிரஸ்ஸின் கைப்பிடியை ஒரு சுழற்றுச் சுழற்றினால் ஒரு பீஸ் கட்டை. அந்தச் சுழற்றுதான் மாமாவின் வேலை. சிறுவனாக ஒருமுறை அவருக்குச் சோறு கொண்டுபோனவன், அவர் சுழற்றுவதைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். வலது தோள் இடது தோளைவிடப் பெருத்திருக்கும். அச்சிலிருந்து வரும் கட்டை, சூளையில் வெந்தபின் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கிவிடும் என்றும், அதைக் கணக்கிட்டு அச்சைப் பெரிதாக வெட்டியிருப்பார்கள் என்றும் அவர் சொன்னபோது எனக்கு அது மந்திரவாதமாகத் தோன்றியது. பிரஸ்ஸில் ஆண்கள், விளிம்பு சீவி, காயவைத்து, மெருகுக் குழம்பில் முக்கியெடுக்கும் கொட்டகையில் பெண்கள். ஆயிரத்து இருநூறு டிகிரிக்கு மேல் சுட்டபின் பித்தளைக் கவ்விகளை மாட்டினால், எந்த ஊர் மின்வாரிய ஊழியரும் பணம் கட்டாத வீட்டில் வந்து பிடுங்கிப்போகத் தக்க பீஸ் தயார்.

வெந்த கட்டையைச் சுண்டிப் பார்த்து, ஓசையை வைத்து விரிசலைக் கண்டுபிடிப்பார். பானை வாங்கும் பெண்கள் செய்வதுதான். வீட்டுக்கு வரும் விருந்தாளியின் காப்பிக் கோப்பையையும் அவர் அனிச்சையாகச் சுண்டிப் பார்ப்பதுண்டு, அக்கா முறைப்பாள். பிளாஸ்டிக் உடம்புள்ள எம்.சி.பி. சுவிட்சுகள் பரவியபின் பீஸ் கட்டைக்கு மவுசு குறைந்தது. பேட்டையில் பொம்மையும் அகல்விளக்கும் பெருகின. மாமாவுக்குப் பொம்மையில் மரியாதை இல்லை. "அதுல கரண்டு போவாது" என்பார்.

இந்தப் பக்கத்து மனிதர்களுக்கு எழுத்தும் இரும்பும் ஒட்டிப் பிறந்தவை என்று சில சமயம் தோன்றும். போக்குவரத்துக் கழகப் பணிமனையில் வேலை பார்த்தபடியே நாவல்களும் எழுதி, 'நடுநாட்டுச் சொல்லகராதி'யையும் தொகுத்தவர் கண்மணி குணசேகரன். அந்த அகராதியைப் படித்தபின் அக்காவின் பேச்சைக் கேட்பது எனக்குப் புது அனுபவமாகிவிட்டது. சென்னையில் முப்பது வருடத்தில் நான் தொலைத்த சொற்களையெல்லாம் அவள் பத்திரமாக வைத்திருந்தாள். சரி, மெக்கருக்கு வருகிறேன்.

கடைக்காரர் கைப்பிடி சுற்றும் பழைய மெக்கர் ஒன்றை, சாயங்காலத்துக்குள் திருப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தார். ஹீட்டரின் இரு வயர்களையும் கழற்றித் தனிமைப்படுத்திவிட்டுச் சுற்றினேன். முள், மல்டிமீட்டர் சொன்ன பரிபூரண ஆரோக்கியத்திலிருந்து வழுக்கிப் பூஜ்யத்தின் அருகே போய் விழுந்தது. பேத்தி பக்கத்தில் குந்தியிருந்தாள். "பூச்சி ஆப்ட்டுடுச்சா தாத்தா?" என்று கேட்டாள். ஆப்ட்டுடுச்சு என்றேன்.

ஹீட்டரைக் கழற்றி இரண்டு நாள் மொட்டைமாடி வெயிலில் வடாமோடு சேர்த்துக் காயவைத்தேன். வெறும் ஈரம்தான் காரணமென்றால் காய்ந்ததும் மீண்டுவிடும். ஓரளவு மீளவும் செய்தது. ஆனால் ஒரு தரம் தண்ணீரில் முக்கியெடுத்ததும் முள் பழையபடி சாய்ந்தது. மேலே அப்பியிருந்த உப்புப் படிவத்தை வினிகரில் ஊறவைத்து உரித்தபோது, வளைவில் மயிரிழைபோல ஒரு வெடிப்பு. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரின் கைங்கரியம். தண்ணீரை மென்மையாக்க இந்த இயந்திரத்துக்கென்று தனி உப்புப் போட வேண்டும். அது தீர்ந்தபின் யாரும் போடவில்லை. சூடே இல்லாமல் ஓட்டினால் என்ன என்று அக்கா கேட்டாள். முடியாது. பழைய இயந்திரம், தண்ணீர் சூடேறிய செய்தி வரும்வரை அதன் முள் அடுத்த கட்டத்துக்கு நகராது, சாப்பாட்டுக்கு உட்கார்ந்துவிட்டுப் பாயசம் வராமல் எழமாட்டேன் என்கிற சம்பந்தியைப் போல. அக்காவின் மகனுக்கு விஷயத்தைச் சொல்லியே ஆகவேண்டியதாயிற்று. அவன் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் அலைந்து, அதே அளவு ஹீட்டர் ஒன்றைப் பிடித்து அனுப்பினான். "அம்மா ஏன் மாமா எங்கிட்ட சொல்லல?" என்று தொலைபேசியில் கேட்டான். நான் ஹீட்டரின் அளவைப் பற்றிப் பேசினேன்.

புது ஹீட்டரை மாட்டி, அக்காவின் கண்முன்னாலேயே அந்தப் பழைய பாயிண்டில் ஒரு நிமிடம் செருகி, டெஸ்டரை உடம்புத் தகட்டில் வைத்தேன். டெஸ்டர் எரிந்தது! ஒரு கணம் என் படிப்பின் மீதே நம்பிக்கை போய்விட்டது. பிறகுதான் நினைவு வந்தது. இவ்வகை இயந்திரங்களின் வாசலில் மின் இரைச்சலை வடிகட்ட ஒரு வடிப்பான் இருக்கும். அதிலுள்ள இரு மின்தேக்கிகள் இரு கம்பிகளையும் உடம்புத் தகட்டோடு பாலம்போட்டு வைத்திருக்கும். எர்த் இருந்தால் அந்தச் சிறு கசிவு சத்தமில்லாமல் பூமிக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால், எந்தப் பழுதும் இல்லாத இயந்திரத்தின் உடம்பிலும் பாதி வோல்ட், சுமார் 115, நின்றுகொண்டிருக்கும். ஆளைக் கொல்லும் பலம் அதற்கில்லை, கிள்ளும். அக்காவைக் கிள்ளியதில் எவ்வளவு ஹீட்டரின் பங்கு, எவ்வளவு வடிப்பானின் பங்கு என்று இப்போது பிரிக்க முடியாது. கிள்ளலுக்குப் பழகிப்போனவளுக்கு, அது கடியாக மாறிய நாள் தெரிந்திருக்காது என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

ட்ரிப்பர் இருக்கும் பாயிண்டுக்கு மாற்றியதும் டெஸ்டர் அணைந்தது. அத்தோடு நான் ஊருக்குக் கிளம்பியிருக்கலாம். ஆனால் அந்த எர்த் எங்கே போகிறது என்று பார்க்கத் தோன்றியது. வயரைத் தொடர்ந்து போனால், கிணற்றடிக்குப் பின்னால் துருப்பிடித்த ஒரு குழாய். அந்த உள்ளூர் எலக்ட்ரீஷியனையும் அழைத்தேன். உயிர்க்கம்பிக்கும் அந்தக் குழாய்க்கும் இடையே 100 வாட் குண்டு பல்பைப் போட்டுக் காட்டினேன். (இந்தச் சோதனையைத் தெரியாதவர்கள் செய்ய வேண்டாம்.) நல்ல எர்த் என்றால் பல்பு பளிச்சென்று எரிய வேண்டும். இது சாம்பலுக்குள் கிடக்கும் தணலைப்போலச் சிவந்தது. இப்படிப்பட்ட எர்த்தில், கிரைண்டரிலோ மோட்டாரிலோ கசிவு வந்தால் கால் ஆம்பியர்கூட ஓடாது. 15 ஆம்பியர் பீஸ் எங்கிருந்து போகும்? எலக்ட்ரீஷியன் நெடுநேரம் அந்தப் பல்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஓடுனா போதும்னு நெனச்சிட்டேன் சார்" என்றார். பிறகு வேறு நான்கு வீடுகளின் பெயர்களைத் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டார்.

இரண்டு ஆட்கள் ஒரு பகல் முழுக்கத் தோண்டினார்கள். எட்டடிக் குழாய், கரி ஒரு அடுக்கு, கல்லுப்பு ஒரு அடுக்கு, ஐந்து குடம் தண்ணீர். பல்பு பளிச்சென்று எரிந்தது. கோடையில் வாரம் ஒரு குடம் ஊற்ற வேண்டும் என்றேன். பக்கத்தில் ஒரு வாழைக்கன்றை நட்டுவிட்டால் மறக்காது என்றாள் அக்கா. எந்தக் கையேட்டிலும் இல்லாத யோசனை.

கடைசியில் நடுக்கூடத்துப் பழைய போர்டுக்கு வந்தேன். தேக்குப் பலகையில் வெள்ளை வெளேரென்று நான்கு பீஸ் கட்டைகள், மாமா தன் கையால் பொறுக்கிக் கொண்டுவந்து மாட்டியவை. பெரியதை உருவிப் பார்த்தேன். பீஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில், வயரிலிருந்து உரித்தெடுத்த செம்புக் கம்பி, பல இழை சேர்த்து முறுக்கி, ஒரு சுண்டுவிரல் நகத்தின் அகலத்துக்கு இருந்தது. அதை உருக்க வேண்டுமென்றால் முதலில் வீடே எரிய வேண்டும்.

முப்பது வருடம் பீஸ் கட்டை அடித்த மனிதர். எனக்குப் புரியவேயில்லை. அக்காவிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்தாள்.

"1998ல பொண்ணு கல்யாணத்தும்போது வாசலெல்லாம் சீரியல் செட்டுப் போட்டமே, நீ கூட வந்திருந்தியே. ராவெல்லாம் பீசு போயிக்கிட்டே இருந்துச்சு. மாப்பிள்ள வீட்டுக்காரங்க இருட்டுல சாப்புட்டுக்கிட்டு ஒக்காந்திருந்தாங்க. அவுரு வந்து எதையோ சுத்திப் போட்டாரு. காலையில மாத்திடுறேன்னாரு."

காலையில் பெண்ணை அனுப்பிவைத்தார்கள். பிறகு மறுவீடு. பிறகு 2004இல் ஆலை மூடியது. 2015இல் மாமா போனார். அந்தக் காலை வரவேயில்லை.

போர்டையே எடுத்துவிட்டு எம்.சி.பி. பெட்டி மாட்டுவதுதான் சரி. அக்கா கூடாதென்றாள். கெஞ்சினேன், கோபப்பட்டேன், பேத்தியின் பெயரைச் சொல்லி மிரட்டினேன். அவள் அந்தக் கட்டையைத் திருப்பி, அடிப்பக்கத்தைக் காட்டினாள். மெருகு பிடிக்காமல், ஒரு விரல்நுனி அளவுக்குச் சொரசொரப்பான ஒரு பொட்டு. குழம்பில் முக்கும்போது பிடித்த விரல் பட்ட இடம். "இது அவுரு வெரல்" என்றாள்.

மாமா பிரஸ்ஸில் இருந்தவர். மெருகுக் கொட்டகையில் குழம்பில் முக்கியவர்கள் பெண்கள். அந்த விரல், இப்போது எங்கேயோ வீடுகளில் பேரப்பிள்ளைகளோடு இருக்கும் யாரோ ஒருத்தியுடையது. எனக்கு அது தெரியும். முப்பது வருடம் அவரோடு வாழ்ந்தவளுக்குத் தெரியாமலா இருக்கும் என்றும் தோன்றியது. நான் ஒன்றும் சொல்லாமல், விருத்தாசலத்தில் ஈயம் பூசிய பீஸ் கம்பி ஒரு சுருள் வாங்கிவந்து நான்கு கட்டைகளிலும் முறையாகக் கட்டினேன். மின்மானிக்கும் பழைய போர்டுக்கும் நடுவே, வீடு முழுவதற்குமாக எம்.சி.பி.யும் ட்ரிப்பரும் வைத்து ஒரு பெட்டியை எலக்ட்ரீஷியன் பொருத்தினார். பீஸ் கட்டைகள் அவற்றின் இடத்திலேயே இருக்கின்றன. இனி அவற்றுக்குப் பெரிய வேலையில்லை.

கிளம்பும் நாளன்று இயந்திரம் ஒன்றரை மணிநேரம் ஓடி, ஆவி பறக்கப் பாத்திரங்களைக் கொடுத்தது. மாமா ஆலையிலிருந்து கொண்டுவந்த இரண்டு கோப்பைகளை மட்டும் அக்கா அதற்குள் வைக்கவில்லை; குழாயடியில், வலிக்கும் கையால் தனியாகக் கழுவினாள். இயந்திரத்தின் கதவைத் திறக்குமுன் ரப்பர் செருப்பைத் தேடினாள். இனி வேண்டாம் அக்கா என்றேன். கெடக்கட்டும் என்றாள்.

ஐப்பசியில், நல்ல அடைமழை நாளொன்றில் இரவு ஒன்பது மணிக்கு அழைத்தாள். "டப்புன்னு நின்னுட்டுதுடா. வீடே இருட்டா கெடக்குது." எல்லாச் சுவிட்சையும் அணைக்கச் சொல்லி, ட்ரிப்பரைத் தூக்கிவிடச் சொல்லி, ஒவ்வொன்றாகப் போடச் சொன்னேன். கூடத்து விளக்கு நின்றது. சமையற்கட்டு நின்றது. வாசல் விளக்கைப் போட்டதும் டப். அதை மட்டும் போடாமல் விட்டுவிடு, காலையில் ஆளைக் கூப்பிட்டுக்கொள் என்றேன். மறுநாள் அவளே பேசினாள். வாசல் விளக்கின் ஹோல்டருக்குள் மழைத்தண்ணீர் இறங்கியிருந்ததாம். எலக்ட்ரீஷியன் வந்து மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனாராம்.

"ட்ரிப்பர்ல கைய வெச்சியான்னா கொன்னுபுடுவேன்னு மொதல்லயே சொல்லிட்டன்" என்றாள்.